கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டி கோத்தகிரியில் இருக்கிறது: அந்தத் துறைமுகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தகரப்பட்டை (கோத்தகிரி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருக்கிறது. ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்பு முழுக்கத் தகரப்பட்டை வைத்து அடித்தது. 1972ல் அப்பாவின் குடும்பம் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பியபோது பாத்திரம், கம்பளி, சாமி படம் எல்லாவற்றையும் இதில் போட்டு ஆணி அடித்து எடுத்து வந்தார்கள். இப்போது குளிர்காலக் கம்பளிகள் இதில்தான் கிடக்கின்றன. மூடியின் மேல் கறுப்பு மையில் பி.ஓ.பி. என்று மூன்று ஆங்கில எழுத்து, ஒரு எண், எடை. மற்ற எழுத்துகள் தேய்ந்துவிட்டன. மூக்கை உள்ளே விட்டால் இன்னும் தேயிலை வாசம் வரும்.

அப்பாவுக்கு 76 வயது. பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "இது கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டி. வழி மாறி நம்மகூட வந்துடுச்சு." அவர் கொழும்பைப் பார்த்ததே இல்லை. லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) கோச்சி (ரயில்) ஏறி நேராகத் தலைமன்னார், அங்கிருந்து இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அவ்வளவுதான் அவர் பார்த்த கடல்.

என் கேள்வி இதுதான். எங்களோடு வராமல் இருந்திருந்தால் இந்தப் பெட்டி எந்த வழியாக, எப்படிப் போயிருக்கும்? கொழும்புத் துறைமுகத்தின் கதை தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

சேரம்பாடி மழை

தங்கச்சி, நான் பொகவந்தலாவைப் பக்கம் பிறந்தவன். 15 வயதில் இங்கே வந்தேன். எங்கள் அப்பா ஸ்டோரில் பேக்கிங் பக்கம் வேலை செய்தவர். (இங்கே ஃபேக்டரி என்கிறோம். அங்கே எங்களுக்கு ஸ்டோர்தான்.) அதனால் பெட்டியின் முதல் பாதி வழியை என்னால் சொல்ல முடியும்.

பெட்டிப் பலகை கட்டுக்கட்டாக வரும். தட்டிச் சேர்த்து, உள்ளே அலுமினியத் தாளும் காகிதமும் விரித்து, ஆடுகிற மேசை ஒன்றின்மேல் வைப்பார்கள். மேலேயிருந்து தூள் கொட்டக் கொட்ட மேசை கிடுகிடுவென்று ஆடும். அப்போதுதான் தூள் இறுகி உட்காரும், சும்மா கொட்டினால் பாதிப் பெட்டியிலேயே நிறைந்த மாதிரித் தெரியும். பெட்டிக்கு 50 கிலோ போலப் பிடிக்கும். பிறகு தாளை மடித்து மூடி, பட்டை அடித்து, தகட்டில் வெட்டிய எழுத்தை மேலே வைத்து மை தடவுவார்கள். தோட்டத்தின் பேர், ரகம், எண், எடை. உங்கள் மூடியில் இருப்பது அதுதான். பி.ஓ.பி. என்பது ரகம்.

அப்புறம் லாரி, ஸ்டேஷன், சாமான் கோச்சி. கோச்சி போனபிறகு பெட்டி என்ன ஆனது என்று எங்கள் அப்பாவுக்கும் தெரியாது. "கொழும்புக்குப் போயிடுச்சு" என்பதோடு சரி. அவர் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பெட்டி அடித்திருப்பார், ஒரு கப்பலைக்கூட அருகில் நின்று பார்க்கவில்லை. நாங்கள் திரும்பி வந்த கப்பல்தான் அவர் பார்த்த முதல் கப்பல்.

ஹட்டிக்காரன் (கீழ்க்கோத்தகிரி)

நல்ல இழை. ஒரு சந்தேகம். கொழும்பு இயற்கையாகவே அமைந்த துறைமுகம்தானே? அதனால்தானே போர்த்துக்கீசியர் முதல் எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள்?

வரலாறு வாத்தியார் (உதகை)

இல்லை. நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள், ஆனால் அந்தத் தீவின் இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. உலகத்தின் மிகப் பெரிய இயற்கைத் துறைகளில் அது ஒன்று. கொழும்பில் முன்பு இருந்தது ஒரு சின்ன முனையும், அதன் மறைவில் வளைந்த கரையும்தான். களனி ஆற்றின் முகத்துவாரம் பக்கத்திலேயே இருந்ததால் உள்நாட்டுச் சரக்கு படகில் வந்து சேரும். பட்டை, யானைத் தந்தம், மணி வாங்க வந்த அரபு வணிகர்களுக்கு அது போதுமாக இருந்தது. 1344ல் அந்தப் பக்கம் வந்த இப்னு பதூதா கொழும்பைக் குறிப்பிடுகிறார். 1505ல் போர்த்துக்கீசியர் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள். 1656ல் மாதக்கணக்கில் முற்றுகை போட்டு டச்சுக்காரர் பிடித்தார்கள். 1796ல் பிரிட்டிஷார். மூன்று கூட்டத்துக்கும் கொழும்பு ஒரு கோட்டை, ஒரு பட்டைக் கிடங்கு. பெரிய கப்பல் பாதுகாப்பாக நிற்கிற துறையாக அது ஆகவில்லை.

காரணம் காற்று. ஜூன், ஜூலையில் தேவாலா, பந்தலூர் பக்கம் எந்தக் காற்று மழையை அள்ளிக் கொட்டுகிறதோ, அதே தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புக் கரையில் நேராக வந்து மோதுகிறது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் அந்த மாதங்களில் படுகிற பாடு கொஞ்சமில்லை. சரக்கு ஏற்றப்போகிற படகு கவிழும், பெட்டி கடலில் விழும். அதனால் ஐரோப்பாவிலிருந்து வருகிற தபால் கப்பல்கள் தெற்கே காலியில்தான் நின்றன. அங்கேயும் பாறைகள் உண்டு, அதில் மோதி உடைந்த கப்பல்களும் உண்டு. இருந்தாலும் காலிதான் பெரிய துறையாக இருந்தது.

பிறகு எப்படி மாறியது என்றால், மலையால் மாறியது. கண்டி மலைகளில் காபி. 1860களில் காபி மூட்டைகள் கீழே இறங்குவதற்காகவே ரயில் போட்டார்கள், 1867ல் கண்டிக்கு ரயில் போய்விட்டது. ரயில் வந்து முடிகிற இடம் கொழும்பு. சரக்கெல்லாம் அங்கே குவிகிறது, ஆனால் கப்பல் நிற்க இடமில்லை. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் இந்தப் பக்கம் அதிகமாக வரத் தொடங்கின. காலியில் செலவு செய்வதா, கொழும்பில் செலவு செய்வதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கொழும்பு ஜெயித்தது.

1875 டிசம்பர் 8ஆம் தேதி, பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னராகப் போகிற வேல்ஸ் இளவரசர் வந்து தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். திட்டம் சர் ஜான் கூட் என்ற பொறியாளருடையது. முதலில் கடலுக்குள் கல்லைக் கொட்டி மேடு எழுப்பி, முங்கு ஆட்கள் கீழே இறங்கி அதைச் சமப்படுத்தி, அதன்மேல் பல டன் எடையுள்ள கான்கிரீட் கட்டிகளை ராட்சதக் கிரேனால் சாய்வாக அடுக்கிக்கொண்டே போனார்கள். சாய்வாக அடுக்கியதற்கு ஒரு காரணம் உண்டு. கீழே கல்மேடு நாளடைவில் கொஞ்சம் அமுங்கினாலும் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து தாங்களே இறுகிக்கொள்ளும், சுவர் பிளக்காது. ஏறக்குறைய 4,200 அடி நீளம். 1885ல் முடிந்தது.

இதில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. சுவர் கட்டத் தொடங்கியது காபிக்காக. ஆனால் காபி இலையில் துரு நோய் 1869லேயே வந்துவிட்டது. சுவர் கட்டி முடிக்கிற நேரத்தில் காபித் தோட்டங்கள் அநேகமாகச் செத்துப்போயிருந்தன. துறைமுகம் தயார், ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை என்று ஆகியிருக்கும். காப்பாற்றியது தேயிலை. 1867ல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியது. 1873ல் லண்டனுக்குப் போனது வெறும் 23 ராத்தல். 1883ல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிவிட்டது. மலை ரயில் ஹட்டன் தாண்டி நானுஓயாவை எட்டியது எந்த வருடம் தெரியுமா? 1885. சுவர் முடிந்த அதே வருடம். உங்கள் பெட்டியின் பாதை அந்த வருடம்தான் முழுதாகத் திறந்தது, அம்மா.

ஹட்டிக்காரன்

நன்றி சார். அப்படியானால் திருகோணமலைக்கு ஏன் தேயிலையைக் கொண்டுபோகவில்லை? நல்ல துறை சும்மாதானே இருந்தது?

வரலாறு வாத்தியார்

அது கிழக்குக் கரை. சூயஸிலிருந்து சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போகிற கப்பலுக்குக் கொழும்பு வழியிலேயே இருக்கிறது, திருகோணமலை சுற்று. அங்கே ரயில் போனதே 1927ல்தான். கடற்படைக்கு அது பிடித்திருந்தது, வியாபாரிக்குப் பிடிக்கவில்லை.

முத்துக்குளி (தூத்துக்குடி, இப்போது குன்னூர்)

வாத்தியார் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அடிக்கல் நாட்டியவர் பேர், திட்டம் போட்டவர் பேர் எல்லாம் நிற்கிறது. கல் உடைத்தவர்கள் கொழும்புக்கு வடகிழக்கே மஹர கல்குவாரியில் இருந்த கைதிகள். அவர்கள் உடைத்த கல்தான் ரயிலில் வந்து கடலில் விழுந்தது. சுவர் என்று சொல்லும்போது அவர்களையும் சொல்ல வேண்டும்.

அப்புறம், அந்தத் துறையில் தமிழ் எப்போதும் இருந்தது. இலங்கைத் துறைகளில் அதற்கு ஒரு பழைய சாட்சி காலியில் கிடைத்த கல். சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்து நட்டது, 1409 தேதி போட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. 1911ல் காலியில் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனாவிலிருந்து வருகிறவன் அந்தக் கரையில் யாரிடம் பேச வேண்டியிருக்கும் என்று யோசித்துத் தமிழில் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அதில் தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் இருந்த தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது.

கொழும்பிலேயே செட்டியார் தெரு, கதிரேசன் கோயில், ஆடிவேல் எல்லாம் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம். கொச்சிக்கடை என்ற இடத்துப் பேரே கொச்சியிலிருந்து வந்தவர்களால் வந்தது. நிலக்கரி சுமந்தவர்களில் மலையாளிகளும் நம்மவர்களும் அதிகம். நீராவிக் கப்பலுக்கு வழியில் கரி வேண்டும், கொழும்பு பெரிய கரி நிலையம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பலகைமேல் ஏறி இறங்குகிற வேலை. எங்கள் தாத்தாவின் அண்ணன் ஒருவர் அந்த வேலைக்குப் போனவர். காதுமடலின் மடிப்பில் கரி ஏறிப் போய்விட்டதென்றும், திரும்பி வந்து எத்தனையோ வருடம் கழித்தும் அது போகவில்லை என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

எங்கள் ஊர்க்காரனாக இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியாது. வ.உ.சி. 1906ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டது எந்த வழியில்? தூத்துக்குடி, கொழும்பு. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்த கதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். அந்த 20 மணி நேரம்கூட ஆகாத கடல்வழிக்காக ஒரு மனிதர் தன் சொத்து, உடம்பு எல்லாவற்றையும் கொடுத்தார். கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தார். இந்த மலையிலிருந்து கீழே பார்த்தால் தெரிகிற ஊர்.

தகரப்பட்டை

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். நானுஓயா 1885 என்று படித்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் ஒரு வார்த்தை கேட்டார். அதை இங்கே கேட்கச் சொன்னார். அவருடைய அப்பாயி, சிறுபிள்ளையாகத் தோட்டத்துக்குப் போனவர், பிள்ளைகள் சும்மா நின்றால் "தட்டப்பாறையில நின்ன மாதிரி நிக்காத" என்று திட்டுவாராம். அப்பாவுக்கும் அது பழகிவிட்டது, எங்களையும் அப்படித் திட்டியிருக்கிறார். தட்டப்பாறை என்றால் என்ன? ஏதாவது பாறையா? மலையில் ஏதாவது இடமா? அவருக்குத் தெரியவில்லை.

முத்துக்குளி

அக்கா, இதைப் படித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. தட்டப்பாறை எங்கள் ஊர்ப் பக்கம். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். நான் நூறு தடவை அதைக் கடந்திருக்கிறேன், செம்மண், உடைமரம். சிலோனுக்குப் போகிற கூலிகளை அங்கே முகாமில் வைத்துத்தான் கப்பலுக்கு அனுப்பினார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாத்தியார் ஐயா இதை விரிவாகச் சொல்வார்.

வரலாறு வாத்தியார்

ஆமாம். இந்த ஒரு வார்த்தை நிறையச் சொல்கிறது.

மலைக்குப் போனவர்கள் எல்லாரும் தலைமன்னார் வழி என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது மூன்று காலம். ஆரம்பத்தில், காபிக் காலத்தில், இராமேஸ்வரம் பக்கமிருந்து தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிளேக் பயம் வந்தபோது அந்த நடைப்பாதையை மூடினார்கள். அதன் பிறகு கூலிகள் போன வழி தூத்துக்குடி, கொழும்பு. தட்டப்பாறையில் முகாம், அக்கரையில் ராகமையில் முகாம். மூன்றாவது காலம் 1914ல் தொடங்குகிறது. பாம்பன் பாலம் பிப்ரவரியில் திறந்தது, அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல். முகாமும் மண்டபத்துக்கு மாறியது. நாம் நினைவில் வைத்திருப்பது இந்த மூன்றாவதைத்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்தே கப்பல் போனது, உங்கள் அப்பா திரும்பி வந்ததும் அதே வழி.

ஆக, தட்டப்பாறையில் நின்ற ஒரு பெண் இரண்டாவது காலத்தில் போயிருக்கிறார். அப்படியானால் அவர் இறங்கியது தலைமன்னார் இல்லை. கொழும்புத் துறைமுகம்.

உங்கள் குடும்பத்தில் அந்தத் துறைமுகத்தைப் பார்த்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், அம்மா.

சேரம்பாடி மழை

ஐயா, எங்கள் வீட்டில் இப்படி ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. யாரும் கேட்டு வைக்கவில்லை. தங்கச்சி, அப்பாவிடம் இன்னும் கேளுங்கள். எதையும் சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

தகரப்பட்டை

கேட்டேன். அப்பாவின் அப்பாயி 12, 13 வயதில் போயிருக்கிறார். அவர் செத்தபோது அப்பாவுக்கு 16 வயது. அவர் செத்த வயதையும் வைத்துக் கணக்குப் போட்டால் 1907, 1908 பக்கம் வருகிறது.

கடலைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ அவர் ஒன்றுமே சொன்னதில்லையாம். ஆனால் லயத்தில் ஆஸ்பத்திரி ஆள் வந்து மருந்துத் தண்ணீர் தெளித்தால் அப்பாயி எழுந்து தேயிலைக்குள் போய்விடுவார், வாசம் முழுவதும் போன பிறகுதான் வருவார். "துணியை அவிச்சு எடுத்துட்டாங்க, சாயம் போயிடுச்சு" என்று மட்டும் எப்போதாவது சொல்வாராம். அப்பா அதை ஏதோ வண்ணான் கதை என்று நினைத்திருக்கிறார்.

வரலாறு வாத்தியார்

முகாமில் நோய்க்கிருமி போக துணிகளை நீராவியில் போட்டு எடுப்பார்கள், ஆட்களை மருந்துத் தண்ணீரில் குளிக்கவைப்பார்கள். சின்னப் பெண்ணுக்குச் சாயம் போன துணிதான் நினைவில் நின்றிருக்கிறது.

அவர் இறங்கிய நாளில் துறைமுகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்கிறேன். தென்மேற்குச் சுவர் முடிந்து 20 வருடத்துக்கு மேல். வடக்குப் பக்கச் சுவர்களின் வேலை நடந்துகொண்டிருந்த காலம், 1912 வாக்கில்தான் நாலா பக்கமும் மறைந்த துறையாக ஆனது, அடுத்த வருடம் துறைமுக ஆணைக்குழு ஏற்பட்டது. கப்பல் கரையை ஒட்டி வராது. நடுத்துறையில் மிதவையில் கட்டி நிற்கும், ஆட்களும் சரக்கும் படகில்தான் கரைக்கு வரவேண்டும். கரை ஏறியதும் எதிரே பெரிய ஓட்டல், கிராண்ட் ஓரியண்டல், 1875லிருந்து இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த பயணிகள் அங்கே தங்குவார்கள். கூலிகளை ரயிலில் ராகமைக்குக் கொண்டுபோவார்கள்.

அவர் வந்த அதே நீரில், எதிர்த்திசையில், தேயிலைப் பெட்டிகளை அடுக்கிய தட்டைப்படகுகள் கப்பலை நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கும். ஒரு படகில் நூற்றுக்கணக்கான பெட்டி. பல வருடத்துக்கு இப்படித்தான். பெரிய கப்பல் நேராகக் கரையில் அணைகிற ஆழமான மேடை, எலிசபெத் ராணி பேரில் கட்டியது, 1954ல்தான் திறந்தார்கள். உங்கள் வீட்டுப் பெட்டி 1972ல் கொழும்புக்குப் போயிருந்தால் படகில் ஏறாமல் கப்பலிலேயே ஏறியிருக்கலாம்.

முத்துக்குளி

இக்கரையிலும் அதே கதைதான். தூத்துக்குடிக் கடல் ஆழமில்லை, கப்பல் கரையிலிருந்து பல மைல் தள்ளி நிற்கும். தோணியில் ஏறிப் போய், ஆடுகிற ஏணியில் ஏற வேண்டும். கடலையே பார்க்காத உள்நாட்டுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும். 1907, 1908 என்றால் வ.உ.சி.யின் கப்பல் ஓடிய அதே வருடங்கள். அப்பாயி எந்தக் கப்பலில் போனார் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடற்கரையில் அன்று அவர் கேட்ட கூச்சலில் அந்தப் பேரும் இருந்திருக்கும்.

ஹட்டிக்காரன்

இரண்டு நாளாக எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் படுகன். சிறு விவசாயி, ஒன்றரை ஏக்கர் தேயிலை. நீங்கள் எல்லாம் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. எங்கள் ஊரில் "சிலோன்காரர்கள்" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும். காட்டை வெட்டுகிறார்கள், வேலையைப் பிடிக்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசுவார்கள். நானும் அதைத்தான் கேட்டு வளர்ந்தேன். 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தம், அதன்படி இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 5 லட்சத்து 25 ஆயிரம் பேர், யாரும் அவர்களிடம் கேட்கவில்லை என்பதெல்லாம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டமே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வந்தது என்பதும். தட்டப்பாறை, ராகமை, தலைமன்னார், மண்டபம் என்று நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையனிடம் ஒரு நாளாவது எப்படி வந்தாய் என்று கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நம் நீலகிரித் தேயிலை போன வழியையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் அப்பா சொல்லித் தெரிந்தது. மேட்டுப்பாளையம் இறங்கி, பாலக்காடு வழி கொச்சி. அங்கேயும் துறைமுகம் ஒரு தீவில்தான், வில்லிங்டன் தீவு. ஆனால் அது மனிதன் செய்த தீவு. 1920ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் காயலைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டியே தீவு உண்டாக்கினார்.

சேரம்பாடி மழை

தம்பி, கேட்டதற்கு நன்றி. அந்தப் பையன் இப்போது கேட்டாலும் சொல்வான்.

கோச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாங்கள் கிளம்பிய கோச்சிக்கு மலையில் "ஒப்பாரிக் கோச்சி" என்றுதான் பேர். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்திருக்கும். ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். எங்கள் அத்தை ஓடியது என் கண்ணில் இருக்கிறது. பொல்கஹவலையில் கோச்சி வடக்கே திரும்புகிறது. நேராகப் போனால் கொழும்பு. தேயிலை நேராகப் போகும், நாங்கள் திரும்பினோம். அப்போது எனக்குத் தெரியாது. இந்த இழையைப் படித்த பிறகுதான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன்.

வரலாறு வாத்தியார்

1942ஐயும் சொல்லிவிடுகிறேன், கொழும்பின் கதை அது இல்லாமல் முடியாது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கு மேல் விமானங்கள் வந்து துறைமுகத்தைத் தாக்கின. முந்தின நாளே ஒரு கனடிய விமானி கடலில் ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்து ரேடியோவில் எச்சரிக்கை அனுப்பியிருந்தார். ஜப்பானியர் அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தி அவரைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் செய்தி போய்ச் சேர்ந்தது. துறையிலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை முன்பே வெளியேறிவிட்டன. அதனால் துறை பிழைத்தது.

குன்னூர் கிடங்கு

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயதில் சின்னவன், வரலாறு தெரியாது. குன்னூரில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பெனியில் ஆவண வேலை. நான் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன்.

இப்போது பெட்டி இல்லை. காகிதச் சாக்கு, பாலெட், அதன் பிறகு கண்டெய்னர். கண்டெய்னர் கதவை மூடி, விரல் தடிமனில் ஒரு ஆணி போன்ற சீல் அடித்து, அதன் எண்ணைத் தாளில் எழுதி அனுப்புவோம். கொச்சிக்கும் போகும், தூத்துக்குடிக்கும் போகும். அங்கே ஏறுவது பெரும்பாலும் சின்ன ஃபீடர் கப்பல். அந்தக் கப்பல் நேராக ஐரோப்பா போகாது. கண்டெய்னர் பெட்டியை இன்னொரு துறைமுகத்தில் இறக்கி, அங்கே நிற்கிற பெரிய கப்பலுக்கு மாற்றும். கப்பல் சீட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு, மாற்று ஏற்றத் துறைமுகம் என்று. அந்தக் கட்டத்தில் நான் அதிகம் தட்டச்சு செய்கிற பேர் கொழும்பு.

இது நம் தேயிலைக்கு மட்டும் இல்லை. கொழும்பில் இறங்கி ஏறுகிற பெட்டிகளில் பெரும்பகுதி அந்த நாட்டுக்குச் சொந்தமானது இல்லை, வழியில் மாறுகிறவை. அதில் இந்தியப் பெட்டிகள் நிறைய. 1980களில் ஜயா கண்டெய்னர் முனையம் வந்தது. பழைய எலிசபெத் ராணி மேடையும் 1999க்குப் பிறகு கண்டெய்னர் முனையமாக மாறியது. 2013ல் தெற்கே புதிய அலைதடுப்புச் சுவருக்குள் இன்னும் ஆழமான முனையம் திறந்தது, அங்கே உலகின் மிகப் பெரிய கப்பல்கள் வரலாம். 2018ல் 70 லட்சம் கண்டெய்னர் அளவைத் தாண்டியது. கொழும்பை நம்ப வேண்டாம் என்று 2011ல் கொச்சி வல்லார்பாடத்தில் பெரிய முனையம் திறந்தார்கள். அப்படியும் என் கட்டத்தில் கொழும்புதான் வருகிறது.

அக்கா, எங்கள் கம்பெனி வாங்குகிற தூளில் கோத்தகிரித் தூளும் உண்டு, கூடலூர்ப் பக்கத்துத் தூளும் உண்டு. உங்கள் அப்பாவோ, சேரம்பாடி ஐயாவின் ஊர்க்காரர்களோ கிள்ளிய கொழுந்தும் அதில் இருந்திருக்கும். அது கொழும்புக்குத்தான் போயிருக்கிறது.

சேரம்பாடி மழை

தம்பி, இதை என் வீட்டுக்காரிக்கும் படித்துக் காட்டினேன். 31 வருடம் கொழுந்து எடுத்தவள். "அப்ப நம்ம கை அங்க போய்ட்டுத்தான் இருக்கா" என்றாள்.

தகரப்பட்டை

அப்பாவுக்குப் படித்தேன் தம்பி. அவர் கேட்பது: கொழும்பில் இறங்கிய பெட்டி அங்கே எத்தனை நாள் நிற்கும்? திறப்பார்களா?

குன்னூர் கிடங்கு

திறக்க மாட்டார்கள் அக்கா. சீல் அப்படியே இருக்கும். பெரிய கப்பல் வருவதைப் பொறுத்து, சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேல். கடலை ஒட்டிய முற்றத்தில் அடுக்கிவைப்பார்கள்.

வியாழக்கிழமை காலையில் கிடங்கில் ஏற்றுமதிக்கு லோடு ஏற்றுகிறோம். அந்தச் சீட்டிலும் கொழும்பு இருக்கிறது. மேலாளரிடம் கேட்டுவிட்டேன், வரச் சொன்னார். அப்பாவைக் கூட்டி வாருங்கள், சீல் அடிக்கும்போது பக்கத்தில் நிற்கட்டும். 9 மணிக்குள் வந்தால் நல்லது, அப்புறம் லாரி கிளம்பிவிடும்.

தகரப்பட்டை

வருகிறோம். முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவோம். அப்பா பெட்டியின் மூடியையும் எடுத்து வரவேண்டும் என்கிறார். தேய்ந்துபோன எழுத்தில் தோட்டத்தின் பேர் எது என்று உங்கள் கிடங்கில் பழைய ஆள் யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா தம்பி? முதல் எழுத்து மட்டும் தெரிகிறது, வளைவாக இருக்கிறது.